ஒரே ஓடைக்காரர்கள்

பம்பு இருமியது. முதலில் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சின்ன இருமல். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கும் நீண்ட இழுப்பு. கடைசியில் குழாய் ஒரு கை சேற்றுத் தண்ணீரைத் துப்பிவிட்டு வெறும் காற்றைக் குடிக்க ஆரம்பித்தது. பாக்கியசாமி சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். ஓடைக்குள் எட்டிப் பார்த்தார். குழாய் முனை கிடந்த குழியில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. அதற்குள் இரண்டு மூன்று மீன் குஞ்சுகள் முதலாளியைப் பார்த்த வேலைக்காரர்கள் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடின.

“பாய் வேலையக் காட்டிட்டாரு” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் இரண்டு விஷயம் நினைவுக்கு வந்தது. ஒன்று, வேலையைக் காட்டியதாகச் சொல்லப்பட்ட கஃபார் பாய் கால் உடைந்து சில வாரங்களாகப் படுத்திருக்கிறார். இரண்டு, இது தவக்காலம். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் கஃபார் பாயைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசுவதில்லை என்று பாக்கியசாமி ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சுற்றிலும் யாராவது கேட்டார்களா என்று பார்த்தார். சாமந்திச் செடிகள் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டன. அவசரமாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

மலாக்கா மாநிலத்தில் லூபோக் சீனாவிலிருந்து மஸ்ஜித் தானா போகும் சாலையில், செம்பனைத் தோட்டம் முடிந்து வீடுகள் தொடங்கும் மேட்டில் இரண்டு நர்சரிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மேலே இருப்பது கஃபார் கார்டன். கீழே இருப்பது பாக்கியம் நர்சரி. நடுவில் ஒரு கம்பி வேலி. இரண்டுக்கும் பின்னால்தான் அந்த ஓடை. செம்பனைக் காட்டுக்குள் எங்கோ பிறந்து, முதலில் பாயின் நிலத்தை உரசி, அப்புறம் பாக்கியசாமியின் நிலத்தை உரசி, பல இடம் சுற்றி லிங்கி ஆற்றில் போய் விழும். அதற்குப் பெயர் கிடையாது. வருகிற மலாய்க்காரர்கள் பாரிட் என்பார்கள், சீனர்கள் லொங்காங் என்பார்கள், இரண்டும் சாக்கடைதான். பாக்கியசாமி மட்டும்தான் ஓடை என்பார். அதன் தண்ணீரில் குடும்பம் நடத்துகிறவர் அதைச் சாக்கடை என்று சொன்னால் அப்புறம் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது?

பாக்கியசாமி செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்து, ஆலையை மூடியபோது கொடுத்த காசில் இந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செடி விற்க வந்தவர். அவர் வந்து இரண்டாம் வருஷம் மேல்பக்கத்து நிலத்துக்கு அப்துல் கஃபார் வந்தார். மலாக்கா டவுனில் தலைமுறையாகத் துணி விற்ற குடும்பம். பட்டு விற்ற கையால் மண் விற்கப் போகிறான் என்று சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பை வாங்கிக்கொண்டு வந்தவர். புதிதாக வந்தவர்தான் முதலில் வந்து பேசவேண்டும் என்று பாக்கியசாமி காத்திருந்தார். பழைய கடைக்காரர்தான் வந்து வாங்க என்று சொல்லவேண்டும் என்று கஃபார் பாய் காத்திருந்தார். இரண்டு பேரும் மரியாதை தெரிந்தவர்கள். அதனால் நன்றாகக் காத்திருந்தார்கள். ஒரு வாரம் காத்திருந்தது ஒரு மாதமாகி, ஒரு வருஷமாகி, கடைசியில் சிமெண்டு மாதிரி இறுகிப்போனது. இத்தனைக்கும் சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை.

நேரில்தான் பேசவில்லையே தவிர, இந்த மாநிலத்தில் இவர்கள் அளவுக்குப் பேசிக்கொண்டவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. எல்லாம் வாடிக்கையாளர் வழியாகத்தான். இரண்டு கடையிலும் விலை கேட்காமல் எவரும் ஒரு துளசிக்கன்று வாங்குவதில்லை அல்லவா? “அங்க கறிவேப்பிலை நல்லாத்தான் இருக்கும்லா. என்னா, கொஞ்சம் வெக்கப்படும், வளராது” என்று பாய் மேலே சொல்வார். சொன்னதை அப்படியே கீழே கொண்டுவந்து கொட்ட வாடிக்கையாளர்களுக்கும் ஒரு சந்தோஷம். “அப்படியா சொன்னாரு? அவரு மல்லி பூ பூக்கும், வாசம் மட்டும் தனியா ஆர்டர் பண்ணணும், அத சொன்னாரா?” என்று பாக்கியசாமி பதில் கொடுத்தனுப்புவார். நல்ல பதில் ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சோறு இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கும். பெருநாளுக்குப் பலகாரம், கிறிஸ்மஸுக்குக் கேக் என்று தட்டுகள் மட்டும் வேலிக்கு மேலாகப் போய்வந்தன. அது பொம்பளைகள் சமாச்சாரம் என்று ஆண்கள் இரண்டு பேரும் அந்த நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

கஃபார் பாய் காட்டுப் பக்கம் போய் வழுக்கி விழுந்து கால் எலும்பு உடைந்துவிட்டது என்ற செய்தி சீனப் பெருநாள் சமயத்தில் வந்தது. தோட்டத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். “காட்டுக்குள்ள பாய்க்கு என்னா வேலை? காளான் பொறுக்கப் போயிருப்பாரு, செடி விக்காட்டி அத விக்கலாம்னு” என்று பாக்கியசாமி சொன்னார். தனக்கே பிடித்துப்போய் இரண்டு மூன்று பேரிடம் சொன்னார். அது மனைவி அகதாவின் காதுக்கு வந்தது. சாம்பல் புதனுக்கு முந்தின நாள், இந்தத் தவக்காலத்துக்கு எதை விடப்போகிறீர்கள் என்று கேட்டாள். போன வருஷம் சர்க்கரை. அதற்கு முந்தின வருஷம் சிகரெட். அது உயிர்த்த ஞாயிறு பாஸ்காப் பூசை முடிந்த கையோடு ஆண்டவருடன் சேர்ந்து உயிர்த்தெழுந்தது. இந்த வருஷம் காப்பியை விடலாம் என்று பாக்கியசாமி இழுத்தபோது அகதா குறுக்கிட்டாள். “காப்பியக் குடிங்க. கால் ஒடிஞ்சு கிடக்கிற மனுசனப் பத்திப் பேசுறத விடுங்க.” நாற்பது நாள் சோறு வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் இவ்வளவு சிரமமாக இருந்திருக்காது.

பாயின் கேட் சாத்தியே கிடந்தது. சாயங்காலங்களில் அவர் மனைவி ஹஃபீஸா மட்டும் வந்து செடிகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போனார். முதல் வாரம் கூட்டம் முழுக்கப் பாக்கியசாமியிடம் வந்தது. இரண்டாம் வாரம் குறைந்தது. காரில் வருகிறவர்கள் மேட்டில் மெதுவாக்குவார்கள், மேலே கேட் சாத்தியிருப்பதைப் பார்ப்பார்கள், ஒற்றைக் கடையில் இறங்கி என்ன பேரம் பேசுவது என்று நேராக மஸ்ஜித் தானாவுக்குப் போய்விடுவார்கள். அது புரியாத பாக்கியசாமி, விளம்பரம் போதவில்லை என்று நினைத்தார். சாலையோரம் ஒரு புதுப் பலகை வைப்பது, அதில் ‘ரைவல் இல்லாத நர்சரி’ என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதுவது என்று முடிவுசெய்து, ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் கேத்லீனிடம் காட்டினார். கேத்லீன் பாயா ரும்புட்டில் குடியிருந்துகொண்டு மலாக்காவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். தகப்பனை இங்கிலீஷில் திருத்துவதற்கென்றே பிறந்தவள்.

அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ரைவல் என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டாள். போட்டிக்காரனிடமிருந்துதான் வந்திருக்கும் என்றார் பாக்கியசாமி. அது லத்தீன் என்றாள் அவள். லத்தீன் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோயில் பாடற்குழுவில் இருபது வருஷமாகப் பின்வரிசையில் நிற்பவர். லத்தீனில் ‘கீரியே எலெய்சோன்’ தனக்குத் தலைகீழாகத் தெரியும் என்றார். அது கிரேக்கம் என்று மகள் சொன்னாள். பாக்கியசாமியிடம் இருந்த மொத்த லத்தீனும் அதோடு தீர்ந்தது.

“ரீவுஸ்னா லத்தீன்ல ஓடைப்பா, வாய்க்கா. ரீவாலிஸ்னா அதே வாய்க்கால்ல தண்ணி எடுக்கிற பக்கத்து நெலத்துக்காரன். அதுலேர்ந்துதான் ரைவல் வந்துச்சு. மொதல்ல அதுக்கு எதிரின்னு அர்த்தமே இல்ல.”

“அப்ப சண்டை எங்கேர்ந்து வந்துச்சு?”

“ஒரே வாய்க்கான்னா சண்டை வராதா? அந்தக் காலத்து ரோமாபுரிச் சட்டத்துலயே இவங்க பஞ்சாயத்து இருக்கு. அப்புறம் ஒரே பொண்ணுக்கு ஆசைப்பட்ட ரெண்டு பேரையும் அப்படிச் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க.”

“கஃபார் பாய்க்கு அந்தக் கஷ்டம் வரல” என்று உள்ளேயிருந்து அகதாவின் குரல் வந்தது.

விட்டுக்கொடுக்க மனசில்லாமல், அப்படியானால் ரிவர் என்பதும் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று பாக்கியசாமி சொல்லிப்பார்த்தார். அது வேறு வேர், அதற்குக் கரை என்று அர்த்தம் என்று கேத்லீன் அதையும் அடித்துவிட்டாள். ஆனால் டெரைவ் என்று ஒரு சொல் இருக்கிறதே, கணக்குப் புத்தகத்தில்கூட வருமே, அது இந்த ஓடையிலிருந்து வந்ததுதான் என்றாள். வாய்க்காலிலிருந்து தண்ணீரைப் பிரித்துத் தன் நிலத்துக்குக் கொண்டுபோவது. “அதனால ரைவல் இல்லன்னு போடாதீங்க. உங்க ஓடையில தண்ணி எடுக்க வேற ஆளே இல்லன்னு அர்த்தமாயிடும்.” பாக்கியசாமி காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்படி ஒரு நிலைமை வந்தால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டார். தவக்காலம் என்பதால் வெளியே சொல்லவில்லை.

நிலைமை வந்தேவிட்டது, பம்பு இருமிய அந்த வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர் இல்லாமல்.

பாஸ்காவுக்குக் கோயில் பீடத்தை நிறைக்க வெள்ளைச் சாமந்தித் தொட்டிகள் கேட்டிருந்தார்கள். நோன்புப் பெருநாளுக்கு வீட்டு வாசலில் வைக்க மலாய்க்காரர்கள் வாங்கும் காகிதப்பூ தனியாக நின்றது. வருஷத்தில் பாதி வியாபாரம் இந்த இரண்டு பண்டிகைக்கும் முன்னால்தான். இந்த வருஷம் நோன்பும் தவக்காலமும் ஒரே வாரத்தில் பிறந்திருந்தன, மழை மட்டும் எங்கோ போயிருந்தது. சாமந்தி இன்னும் ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் பீடத்தில் வைத்தால் அது பாஸ்கா இல்லை, பெரிய வெள்ளி. பைப் தண்ணீர் இழுக்கலாம் என்றால் நிலத்துக்காரர் சம்மதம், சாலையை வெட்டும் அனுமதி, அதற்கு ஆகும் செலவு என்று அது ஒரு பெரிய கதை. அந்தக் கதையை பாக்கியசாமி எப்போதும் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்.

ஆனாலும் ஒன்று இடித்தது. பாய் படுத்துக் கிடக்கிறார். மேலே தண்ணீர் எடுக்க ஆள் இல்லை. நியாயப்படி ஓடையில் இரண்டு பங்குத் தண்ணீர் வரவேண்டும். அப்படியானால் ஹஃபீஸாதான் சாயங்காலத்தில் பாயின் பம்பைப் போட்டு மொத்தத்தையும் உறிஞ்சுகிறார். பொம்பளையிடம் போய்ச் சண்டை போட முடியாது. பம்பைப் பார்த்துவிட்டாவது வரலாம் என்று ஓடைக்குள்ளேயே இறங்கி, மேல்பக்கமாக நடந்தார். இத்தனை வருஷத்தில் அந்த எல்லைக்கு அப்பால் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

பாயின் பம்பு கரையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். கொடி ஒன்று அதன்மேல் ஏறி, சுற்றி, மறுபக்கம் இறங்கிப் பூவும் விட்டிருந்தது. குழாய் துருப்பிடித்து உடைந்து கிடந்தது. அதற்குள் குளவி கூடு கட்டியிருந்தது. இந்தப் பம்பு ஓடி வருஷங்கள் ஆகியிருக்கும். பாக்கியசாமி நிமிர்ந்து கரைக்கு மேலே பார்த்தார். நிழல்வலைக்கு அடியில் பாயின் செடிகள் பச்சைப்பசேல் என்று நின்றன. வரிசைக்கு வரிசை கறுப்புக் குழாய், முனையில் பளபளக்கும் பித்தளைத் திருகு. பைப் தண்ணீர். அப்போதுதான் நினைவு வந்தது. சில வருஷத்துக்கு முன்னால் பாயின் கடை முன்னால் சாலையை வெட்டிக் குழாய் போட்டார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் சுஃப்யான் பணம் அனுப்பினான் என்று பேசிக்கொண்டார்கள். வாடிக்கையாளர்களுக்குக் கழிப்பறை கட்டுகிறார்போல என்று எண்ணி, அதற்கும் பாக்கியசாமி ஒரு கிண்டல் தயார்செய்து ஒரு சீனத்து அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அது நல்ல கிண்டல்.

ஆக, பாய் ஓடையில் தண்ணீர் எடுப்பதையே விட்டுவிட்டார். மகளின் லத்தீன்படி பார்த்தால் அவர் ரைவலே இல்லை. அப்படியானால் ஒவ்வொரு வெயில் காலத்திலும் தண்ணீர் குறையும்போதெல்லாம் மேல்பக்கம் பார்த்துத் திட்டினாரே, அந்தத் திட்டெல்லாம் யார் கணக்கில் போய்ச் சேர்ந்தது? அதைவிட, தண்ணீர் எங்கே?

செம்பனைக் காட்டுக்குள் நுழைந்து ஓடை போன வழியே போனார். தோட்டத்துச் செம்மண் சாலைக்கு அடியில் ஓடை புகுந்து வருவதற்கு ஒரு சிமெண்டுக் குழாய் போட்டிருந்தார்கள். அதற்கு மேல்பக்கம் போய்ப் பார்த்ததும் எல்லாம் விளங்கியது. வெட்டிப்போட்ட செம்பனை மட்டைகள், காய்ந்த குலைகள், ஒரு சைக்கிள் டயர், உரப்பைகள் எல்லாம் அடித்துக்கொண்டு வந்து குழாய் வாயில் மலைபோலக் குவிந்திருந்தன. தண்ணீர் பின்வாங்கி மரங்களுக்கு நடுவே குளமாகப் பரவி நின்றது. குழாய்க்குள் ஒரு நூல் அளவுதான் போனது.

அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றவரின் கண்ணில் மற்றவை மெதுவாகப் பட்டன. கரையில் சங்குல் மண்வெட்டியால் வெட்டிய படிகள், விளிம்பு தேய்ந்து, ஒரு ஆள் கால் வைக்கிற அளவுக்கு. பிடித்து இறங்குவதற்கு மரத்தில் கட்டிய நைலான் கயிறு. மரத்தின் அடிமட்டைகளுக்கு இடையில் செருகி வைத்த நீண்ட மூங்கில், அதன் முனையில் வளைத்துக் கட்டிய இரும்புக் கொக்கி. கவிழ்த்து வைத்த ஒரு நீல பிளாஸ்டிக் முக்காலி. கடைசிப் படி மட்டும் பெயர்ந்து, வழுக்கிய தடம் தண்ணீர்வரை போயிருந்தது.

குலை வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். பாக்கியசாமி மூங்கிலைக் காட்டினார். அது தொப்பி போட்ட இந்தியப் பெரியவருடையது என்றார் அவர். வெள்ளிக்கிழமை தோறும் தொழுகைக்குப் போவதற்கு முன்னால் வந்து அடைப்பை எடுப்பார், எடுத்துவிட்டு முக்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணீர் போவதைப் பார்ப்பார், அப்புறம் போய்விடுவார். அன்றைக்கு இங்கேதான் விழுந்து கிடந்தார், நாங்கள்தான் தூக்கினோம். எவ்வளவு காலமாக வருகிறார் என்று கேட்டதற்கு, நான் இந்தத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

பாக்கியசாமி சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டினார். கயிற்றைப் பிடித்து இறங்கினார். கயிறு மெலிந்த உடம்புக்குக் கட்டியது. இவர் தொங்கியதும் மரமே என்ன என்று கேட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கொக்கியால் மட்டையை இழுத்தார். ஒன்று வந்தது, அதன் இடத்தில் இரண்டு வந்து உட்கார்ந்தன. மட்டை முள் உள்ளங்கையைக் கிழித்தது. முழங்காலுக்குப் பின்னால் அட்டை ஒன்று குடியேறியது. மூச்சு வாங்கியது. ஒரு தடவை குப்புற விழுந்து, வாய் நிறையக் காட்டுத் தண்ணீரைக் குடித்து எழுந்தார். தன்னைவிடப் பத்து வயது மூத்த மனிதர் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இதைச் செய்தார். செய்துவிட்டுக் குளித்துத் தொழப்போனார். மறுநாள் கடையில் உட்கார்ந்துகொண்டு, வளராத கறிவேப்பிலையைப் பற்றிச் செய்தி அனுப்பினார். வருஷக்கணக்காக.

உச்சி வெயிலில், சைக்கிள் டயரை இழுத்தபோது அடைப்பு மொத்தமாக விட்டுக்கொடுத்தது. குழாய் ஒரு பெரிய விக்கல் விக்கி, அப்புறம் இரைச்சலோடு குடிக்க ஆரம்பித்தது. பாக்கியசாமி முக்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். தண்ணீர் போவதைப் பார்த்தார். இந்தத் தண்ணீர் அல்லவா கேத்லீனைக் கல்லூரிக்கு அனுப்பியது என்று தோன்றியது. அவள் வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் அகராதிகள், அவளுடைய லத்தீன், தன்னைத் திருத்துகிற அந்த வாய், எல்லாம் இந்தக் குழாய் வழியாகத்தானே வந்தது. மரத்தில் மாட்டிய சட்டையின் பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். பள்ளி விட்டுக் காரில் இருந்தாள்.

“ஒரே ஓடையில தண்ணி எடுக்கிறவன் ரைவல். சரி. தண்ணி எடுக்கவே மாட்டான், ஆனா ஓடைய மட்டும் சுத்தம் பண்ணி விடுவான். அவனுக்கு லத்தீன்ல என்னா பேரு?”

என்ன ஆச்சுப்பா என்று கேட்டாள். அவர் சொன்னார்.

“தெரியலப்பா” என்றாள். “தேடிப் பாக்கிறேன். இருக்கும்னு தோணல.”

அன்று சாயங்காலம் சாமந்திக்கெல்லாம் தண்ணீர் காட்டிவிட்டு, உள்ளங்கையில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, பாக்கியசாமி அகதாவுடன் லூபோக் சீனாவில் கஃபார் பாயின் வீட்டு வாசலில் போய் நின்றார். வழியெல்லாம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்திருந்தார். நன்றி என்று ஆரம்பித்தால் நாடகம் மாதிரி இருக்கிறது, மன்னிச்சிருங்க என்று ஆரம்பித்தால் பாவசங்கீர்த்தனம் மாதிரி இருக்கிறது. கதவைத் திறந்த ஹஃபீஸா, இரண்டு பேரும் நேற்றும் வந்தவர்கள்போல வாங்க அண்ணே, வாங்கக்கா என்று உள்ளே கூட்டிப்போனார். நோன்பு திறக்கும் நேரம். பாய் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முக்காலிமேல் நீட்டியிருந்தார். கையில் மருந்து அட்டை. டாக்டர் நோன்பு கூடாது என்று சொல்லிவிட்ட கடுப்பு முகத்தில் தெரிந்தது. பாக்கியசாமியை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு பக்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பாயின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது பாக்கியசாமிக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

பாங்கு சொன்னதும் ஹஃபீஸா கஞ்சிக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தார். பாக்கியசாமிக்கும் அகதாவுக்கும் வைத்தவை தனியாக, கொஞ்சம் வெளுத்திருந்தன. “இன்னிக்குத் தவக்காலத்து வெள்ளிக்கிழமைலா, உங்களுக்குக் கறி ஆவாது. அக்கா காலையிலயே மெசேஜ் போட்டாங்க” என்றார். பாக்கியசாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். காலையில் அவருக்கே இங்கே வரும் எண்ணம் கிடையாது. அகதா பேரீச்சம்பழத்தின் கொட்டையை ரொம்ப கவனமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

கஞ்சி பாதி இறங்கியதும் பாக்கியசாமி ஆரம்பித்தார்.

“பாய், மேல போயிருந்தேன். அடைப்பு எடுத்துட்டேன்.”

“கையப் பாத்தாலே தெரியுதே. கொக்கிய மேலேர்ந்து போட்டு இழுத்தீங்களா?”

“ஆமா.”

“அடியிலேர்ந்து போடணும். மேலேர்ந்து இழுத்தா நாள் பூரா இழுக்கலாம்.”

பாக்கியசாமி கோப்பையைக் கீழே வைத்தார். ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. “உங்களுக்குத்தான் பைப் தண்ணி இருக்கே பாய். அப்புறம் எதுக்கு?”

பாய் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். வாடிக்கையாளர் யாராவது குறுக்கே இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்போல. “உங்க கடை காஞ்சுபோய் மூடிட்டீங்கன்னு வைங்க. ஒத்தக் கடைக்கு எவன்லா வருவான்?” என்றார். அப்புறம் கொஞ்சம் கழித்து, குரலைத் தாழ்த்தி, “காலையில எந்திரிச்சா இன்னிக்கு என்னா சொல்லி அனுப்பப்போறீங்கன்னு ஒரு இது. அந்தக் காளான் விஷயம் ஆஸ்பத்திரிக்கே வந்துச்சு. தையல் பிரியிற அளவுக்குச் சிரிச்சேன்.”

ஹஃபீஸா, சுஃப்யான் கடையை மூடச்சொல்கிறான் என்றார். பெருநாளோடு இடத்தைக் கொடுத்துவிட்டு, தன்னோடு சிங்கப்பூருக்கு வந்துவிடும்படி தினமும் போன் போடுகிறானாம். இந்த வயசில் மண் சுமந்தது போதும் என்கிறானாம். சொல்லிவிட்டு அவர் பாயைப் பார்த்தார், பாய் காலைப் பார்த்தார். பாக்கியசாமிக்குத் தன் புதுப் பலகை நினைவுக்கு வந்தது. ரைவல் இல்லாத நர்சரி. மேட்டில் மெதுவாக்கிவிட்டு நிற்காமல் போன கார்கள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. கார்கூட அப்புறம். காலையில் எழுந்து யாருக்கு என்ன சொல்லி அனுப்புவது?

மகள் சொன்ன கதையைச் சொன்னார். லத்தீன் பேர்களை வழியில் எங்கோ தொலைத்துவிட்டு, ரோமாபுரியையும் லிங்கி ஆற்றையும் கலந்து, ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறவன்தான் ரைவல் என்பதுமட்டும் எப்படியோ கரை சேர்த்தார். பாய் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

“அப்ப நான் தண்ணி எடுக்காத ரைவல்” என்றார்.

“அதுக்குப் பேரே இல்லையாம் பாய். மக தேடிக்கிட்டு இருக்கா.” பாக்கியசாமி மூச்சை இழுத்துவிட்டார். “காலு சரியாவற வரைக்கும் உங்க கடையையும் நான் தொறந்து வைக்கிறேன். வெள்ளிக்கிழமை மேலயும் நான் போறேன். நீங்க… போவாதீங்க.”

“என் செடிய நீங்க வித்தா விளங்கிடும்” என்றார் பாய். மீதிக் கஞ்சியைக் குடித்து முடித்தார். “நோன்பு முடியட்டும். பாக்கலாம்.”

பொம்பளைகள் இருவரும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்கள். உள்ளே ஏதோ பேச்சு, சிரிப்பு. கூடத்தில் இரண்டு ஆண்களும் என்ன செய்வதென்று தெரியாமல் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் நெளிந்தார். ஒரு பக்கம் சாய்ந்தார், மறுபக்கம் சாய்ந்தார். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“சாமி, அந்தக் கதவு மூலையில வெளக்குமாறு இருக்கு. ஒரு ஈர்க்குச்சி உருவிக்கிட்டு வாங்க. கட்டுக்குள்ள அரிப்பு உசுரு போவுது. டாக்டர் கூடாதுன்னுட்டாரு, இவளும் மாட்டேங்கறா.”

பாக்கியசாமி நல்ல நீளமான ஈர்க்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சட்டையில் துடைத்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாயின் குதிகாலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டின் வாய்க்குள் ஈர்க்கை மெல்ல விட்டார். எதிலும் இடிக்காமல், தோலில் கீறல் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக. பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னும் மேல” என்றார். “இன்னும் கொஞ்சம் மேல, சாமி.”